சுருங்கி சாரும் வெள்ளைப் பொடியும்

கத்திரி வெயிலுக்கு ரசிகர் மன்றம் என்று ஒன்று இருந்தால், அதன் தலைவர், செயலாளர், பொருளாளர், போஸ்டர் ஒட்டுகிறவர் எல்லாமே சுருங்கி சார்தான். மே மாதத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டே கர்ச்சீப்பைப் பிழிந்து பிழிந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும். அவர் மட்டும் ஷெட் வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்து, “இன்னிக்கு நாப்பதத் தாண்டிடும் போல இருக்கே, பர்ச்சேஸ்!” என்று, பெண்ணுக்கு நல்ல வரன் அமைந்த அப்பா மாதிரி சிரிப்பார். மேகம் மூடினால் முகம் தொங்கிவிடும். ஒரு மே மாதம் மழை பெய்தபோது துக்கம் தாங்காமல் லீவு போட்டுவிட்டார் என்று கேன்டீனில் சொல்வார்கள். அது பொய். வேலைக்கு வந்தார். யாரோடும் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

பர்ச்சேஸ் என்பது நான். கம்பெனிக்குச் சாமான் வாங்கும் பிரிவில் இருந்தேன். ஐயப்பன்தாங்கலிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்வேன். சுருங்கி சார் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிரஸ் மெஷின் ஓட்டும் ஏழுமலை ‘பிரஸ்’. வாட்ச்மேன் ‘கேட்’. முதலாளியை மட்டும் ‘சார்’ என்பார், அதிலும் பாதி காற்றுதான் வரும். பதிலுக்கு நாங்களும் அவருடைய நிஜப் பெயரை மறந்துவிட்டோம். சம்பளச் சீட்டில் ஏதோ ஒரு பெருமாள் பெயர் இருந்ததாக ஞாபகம்.

நாங்கள் செய்தது தட்டு. சாப்பிடுகிற தட்டு என்று நினைத்துவிடாதீர்கள். பாலம் கட்டுகிறவர்கள், ரோடு போடுகிறவர்கள், மூன்று கால் ஸ்டாண்டில் ஒரு கருவியை நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்களே, அந்தக் கருவிக்குள்ளே லென்ஸ்களைத் தாங்கிப் பிடிக்கிற தட்டு. கண்ணாடி நாரையும் ரெசின் என்கிற பிசினையும் கலந்து அச்சில் வார்த்து எடுப்போம். இரும்பைவிட லேசு, துருப்பிடிக்காது. ஒரே ஒரு கெட்ட பழக்கம், வெயில் பட்டால் ஊதும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் லென்ஸ் மயிரிழை நகர்ந்தால் போதும், தூரத்தில் தெரிகிற தூண் இருக்க வேண்டிய இடத்தை விட்டுத் தள்ளித் தெரியும். இது வாடிக்கையாளருக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தைப் பற்றி யாராவது பேசுவார்களா? ரிசப்ஷனில் ‘தரமே எங்கள் உயிர்மூச்சு’ என்று ஃபிரேம் போட்டு மாட்டி, பக்கத்தில் பிளாஸ்டிக் ரோஜாவை வைத்திருந்தோம். இரண்டிலும் தூசி படிந்திருந்தது.

இந்த இடத்தில்தான் ஆராய்ச்சிப் பிரிவு என்ற பெயரில் ஒரு மேஜையும் ஒரு ஓவனும் கொடுத்து அவரை வேலைக்குச் சேர்த்தார்கள். சேர்ந்த முதல் வாரமே கேன்டீனில் எழுந்து நின்றார்.

“உலகத்துல எல்லாப் பொருளும் சூடு பட்டா விரியும். ஆனா ஒரு பொடி இருக்கு. அதைச் சூடு பண்ணா சுருங்கும்.”

ஏழுமலை வடையைக் கீழே வைத்தான். “இன்னா சார் சொல்ற? பூரி உப்புது, பாலு பொங்குது, என் மாமியாரு வெயில்ல போய்ட்டு வந்தா அதுவே ஊதிக்கினு வருது. சுருங்குமா? அது பேரு இன்னா?”

“சிர்கோனியம் டங்ஸ்டேட்.”

“ஃபாரின் சரக்கு பேரு மாரி கீது.”

கேன்டீனே சிரித்தது. அவர் அசரவில்லை. ஏழுமலையையும் இன்னும் நான்கைந்து பேரையும் இழுத்து வரிசையாகக் கைகோத்து நிற்க வைத்தார். “இதுதான் பொடிக்குள்ள இருக்கிற அணுக்கள். இப்ப சூடேத்தறேன். ஆடுங்க! முன்னும் பின்னுமா ஆடுங்க!” என்று கத்தினார். நடுவில் இருந்தவர்கள் முன்னே ஒருத்தர், பின்னே ஒருத்தர் என்று ஆட ஆட, கையை விட முடியாமல் இரண்டு ஓரத்திலும் நின்றவர்கள் உள்ளே இழுபட்டு வந்தார்கள். வரிசை உண்மையிலேயே குட்டையாகிவிட்டது. “பாத்தியா, சுருங்குது பாரு!” என்று அவர் குதித்தபோது, முதலாளி கதவைத் திறந்துகொண்டு வந்தார். தொழிலாளர்கள் கைகோத்து ஆடுவதைப் பார்த்ததும் அவருக்கு ரத்தம் சுண்டிவிட்டது.

“யாரு யூனியன் ஆரம்பிச்சது?” என்றார்.

அன்றைக்கு வந்த பெயர்தான் சுருங்கி சார்.

அவருடைய யோசனை எளிமையானது. ரெசின் ஊதும், பொடி சுருங்கும். இரண்டையும் சரியான விகிதத்தில் கலந்தால் ஒன்றை ஒன்று பிடித்து நிறுத்திவிடும், தட்டு வெயிலில் நகராது. வெளிநாடுகளில் செய்கிறார்கள், நாம் ஏன் செய்யக்கூடாது என்று நச்சரித்து நச்சரித்து, கடைசியில் முதலாளி ஒரு டப்பாவுக்கு மட்டும் சம்மதித்தார். ஆர்டர் போட்டது நான். டப்பா வந்து சேர்ந்தது. உள்ளே வெள்ளையாக, மாவு மாதிரி பொடி. தூக்கினால் மட்டும் கை இறங்கியது, அவ்வளவு கனம்.

“இந்த விலைக்கு இது என்ன தங்க பஸ்பமா?” என்று கேட்டுவிட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று முதலாளி அதைத் தன் அறையிலிருந்த சாமி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பூஜை செய்ய வந்தவர் சாமி அலமாரியைத் திறந்து, டப்பாவில் வெள்ளைப் பொடியைப் பார்த்து, முதலாளி நெற்றியில் மூன்று விரலால் பட்டையாகப் போட்டுவிட்டார். பிறகு முதலாளியின் மச்சினருக்கு. அவர்தான் எங்கள் உற்பத்தி மேலாளர். பிறகு பிரஸ் மெஷினுக்கு. ஏழுமலை பயபக்தியோடு நெற்றியை நீட்டிக்கொண்டிருந்தபோது சுருங்கி சார் உள்ளே வந்தார்.

எனக்கு நினைவு தெரிந்து ஒரு மனிதர் அப்படி அலறி நான் கேட்டதில்லை. “யாரும் வேர்க்காதீங்க!” என்றார். பிறகு மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு நேராக முதலாளியிடம் போனார். தாளைப் புருவத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு, ஸ்கேலால் நெற்றியைச் சுரண்ட ஆரம்பித்தார்.

“யோவ், என் நெத்தியச் சுரண்டறியா?”

“ஆடாதீங்க சார், சிந்துது.”

ஏழுமலை என் காதில், “மொதலாளி நெத்தியையே சுரண்டிட்டாருக்கா, இந்தாளு இன்னும் எத்தினி நாளு வேலைல கீறாருன்னு பாரு,” என்றான். ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை. தான் வாங்கித் தந்த பொடியை ஒரு துளி வீணாக்காமல் சுரண்டுகிற ஆளை எந்த முதலாளிக்குத்தான் பிடிக்காது?

முதல் தட்டு வார்த்தபோது, அச்சிலிருந்து எடுத்ததும் அது அப்பளம் மாதிரி வளைந்தது. பொடி கனம் அல்லவா? ரெசின் இறுகுவதற்குள் முழுக்க அடியில் போய்ப் படிந்துவிட்டது. மேல் பக்கம் ஒரு குணம், அடிப்பக்கம் ஒரு குணம். இரண்டாவதும் அப்பளம். மூன்றாவதும். கேன்டீனில் அவர் தட்டில் தினமும் யாராவது ஒரு அப்பளத்தை வைத்துவிட்டுப் போவார்கள். அவர் அதை எடுத்து வளைவைப் பார்த்து, “இது பரவாயில்லை, ரெண்டு பக்கமும் சமமா வளைஞ்சிருக்கு,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடுவார்.

ரெசின் இறுகும் வரை அச்சைச் சுற்றிக்கொண்டே இருந்தால் பொடி படியாது என்று அவருக்குத் தோன்றியது. சுற்றுவதற்கு ஒரு மோட்டார் வேண்டும் என்று கேட்டார். “இந்த வருஷம் பட்ஜெட் இல்லை,” என்றார் மச்சினர். அந்த வருஷம்தான் மச்சினருக்குப் புதுக் கார் வந்தது. சுருங்கி சார் மறுநாள் ஆட்டோவில் ஒரு வெட் கிரைண்டரைக் கொண்டுவந்து இறக்கினார். கல்லை எடுத்துவிட்டு அச்சை அதில் கட்டிச் சாய்த்து வைத்துச் சுற்ற விட்டார். பொடி படியவில்லை.

சில நாட்களில் ஒரு அம்மா தொழிற்சாலை வாசலுக்கு வந்து நின்றார். சார் வீட்டம்மா.

“இங்க என் கிரைண்டர் இருக்காமே?” என்றார் என்னிடம். “சர்வீஸுக்குக் குடுத்திருக்கேன்னு சொன்னாரு. எந்த சர்வீஸ் கடையில இத்தனை நாள் வெச்சிருப்பான்? பாக்கெட் மாவு வாங்கி இட்லி சுடறேன்மா. எங்க வீட்டு இட்லிய எங்க வீட்டு நாய் மோந்து பாத்துட்டுப் போயிடுது.”

உள்ளே கூட்டிப்போனேன். கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் சார் ஸ்டூலில் உட்கார்ந்து, தொட்டிலில் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். என்ன திட்டப் போகிறாரோ என்று ஏழுமலை மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான். “மூடி போட்டு ஓட்டுங்க, தூசி விழும்,” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போய்விட்டார்.

அந்தத் தட்டுதான் நின்றது. ஓவனுக்குள் வைத்து, நீளம் மாறினால் முள் நகர்ந்து காட்டுகிற டயலைப் பொருத்தி, சூட்டை ஏற்றினார். பழைய தட்டை வைத்தால் முள் கடிகாரம் மாதிரி ஓடும். இந்தத் தட்டுக்கு முள் அசையவில்லை. டயல்தான் கெட்டுப்போச்சு என்று மச்சினர் வேறொரு டயலைக் கொண்டுவந்தார். அதுவும் அசையவில்லை. ஓவன் போதாது என்று சார் தட்டை வெளியே எடுத்துப்போய் உச்சி வெயிலில் தரையில் வைத்து, பக்கத்தில் வெறும் காலோடு உட்கார்ந்துகொண்டார். சுற்றி நாங்கள் எல்லோரும். மரத்தடி கிளிஜோசியத்துக்குக்கூட அப்படிக் கூட்டம் கூடாது. முள் நின்ற இடத்திலேயே நின்றது. சார் எழுந்து, எங்களுக்கெல்லாம் ரோஸ் மில்க் வாங்கி வரச் சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் அழுவதற்காகக் கழிவறைப் பக்கம் போனார். எல்லோருக்கும் தெரிந்தது.

மாதிரித் தட்டு வாடிக்கையாளரிடம் போய்த் தேறியது. பெரிய ஆர்டர் வந்தது. முதலாளி ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். வாட்ஸப்பில் ‘எங்கள் கம்பெனியின் கண்டுபிடிப்பு’ என்று தட்டைப் பிடித்தபடி ஒரு போட்டோ போட்டார். போட்டோவில் முதலாளி இருந்தார், மச்சினர் இருந்தார், பிளாஸ்டிக் ரோஜாகூட இருந்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நல்லபடியாக முடிந்த கதைகளை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆர்டர் வேலை ஆரம்பித்ததும், பொடி வாங்க வேண்டாம், ஸ்டாக் இருக்கிறது என்று மச்சினர் எனக்குச் சொல்லி அனுப்பினார். அவ்வளவு ஸ்டாக் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “உங்க வேலையப் பாருங்க,” என்றார். என் வேலையே அதுதான்.

ஒரு நாள் காலையில் சுருங்கி சார் அடுக்கி வைத்திருந்த தட்டுகளில் ஒன்றைக் கையில் எடுத்தார். அப்படியே நின்றுவிட்டார். இன்னொன்றை எடுத்தார். என்னைப் பார்த்து, “பர்ச்சேஸ், இதைத் தூக்கிப் பாரும்மா,” என்றார். தூக்கினேன். காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது. பொடி கனம், அதைக் கலந்த தட்டும் கனமாகத்தான் இருக்க வேண்டும். இது எனக்கே புரிந்தது. அவர் அதை ஓவனில் வைத்தார். முள் ஓடியது.

விசாரித்தபோது ஏழுமலைதான் சொன்னான். “பின்னால மூட்ட மூட்டயா வந்து எறங்கிச்சு சார். வெள்ள மணலு. அதான் கலக்கச் சொன்னாங்கோ. நான் கேட்டேன், சாரு பொடி எங்கேன்னு. ரெண்டும் வெள்ளதானேடான்னாரு மச்சினரு.”

சார் முதலாளி அறைக்குப் போனார். கண்ணாடிக் கதவு. வெளியே என் மேஜை வரை எல்லாம் கேட்டது.

“சார், இது என் தட்டு இல்ல.”

“உன் தட்டு, என் தட்டுன்னு என்னய்யா? கம்பெனி தட்டு.”

“இது வெயில்ல ஊதும் சார்.”

“ஊதட்டும். இன்ஸ்பெக்‌ஷன் எங்க நடக்கும்? ஏ.சி. ரூம்ல. அங்க எதுவும் ஊதாது. நீ டெஸ்ட் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடு, போதும்.”

“அதை வெச்சுப் பாலம் அளக்கப் போறாங்க சார்.”

“பாலத்தை அவங்க பாத்துப்பாங்க. நீ ஓவனைப் பாரு.”

அவர் கையெழுத்துப் போடவில்லை. அதற்காக உலகம் நின்றுவிடவில்லை. மச்சினர் போட்டார். மச்சினருக்கு அந்த ரிப்போர்ட்டில் எது தலை, எது வால் என்று தெரியாது. ஆனால் அழகான கையெழுத்து, வளைத்து வளைத்துப் போடுவார்.

இன்ஸ்பெக்‌ஷன் மே மாதத்தில் வந்தது. தகர ஷெட்டுக்குள் கண்ணாடித் தடுப்பு வைத்து ஏ.சி. மாட்டிய அறை. தட்டில் லென்ஸ்களைப் பொருத்தி, அதன் வழியாக ஒரு சிவப்பு ஒளிப்புள்ளியை எதிர்ச் சுவரில் விழ வைப்பார்கள். சுவரில் ஒரு சிலுவைக் கோடு. புள்ளி கோட்டின் நடுவில் நின்றால் தட்டு தேறியது. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து அதிகாரி வந்தார். நல்ல மனிதர், முந்திரிப் பருப்பை மட்டும் தனியே பொறுக்கிச் சாப்பிடுவார். புள்ளி நடுவில் நின்றது. முதலாளி கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

அப்போது ஏ.சி. நின்றது.

“கரண்ட்டா?” என்றார் முதலாளி. லைட் எரிந்துகொண்டிருந்தது. “ரிமோட்டைக் கொண்டாங்க.” ரிமோட்டைக் காணவில்லை. எல்லோரும் தேடினோம். மேஜைக்கு அடியில், டிராயரில், முந்திரித் தட்டுக்குக் கீழே. எல்லோரையும்விட மும்முரமாகத் தேடியவர் சுருங்கி சார்தான். முழங்காலிட்டு சோபாவுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். மச்சினரின் பாக்கெட்டைக்கூடத் தட்டிப் பார்த்தார். தகரக் கூரை தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. அதிகாரியின் சட்டை முதுகோடு ஒட்டியது.

“புள்ளி நகருதே,” என்றார் அதிகாரி.

எல்லோரும் சுவரைப் பார்த்தோம். சிவப்புப் புள்ளி, பந்தியில் இடம் பிடிக்கப் போகிறவன் மாதிரி, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் மெதுவாக, மெதுவாகக் கோட்டை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது.

“வோல்ட்டேஜ் ஏத்த இறக்கம் சார்,” என்றார் மச்சினர். வெளிச்சத்துக்கு வோல்ட்டேஜ் குறைந்தால் மங்கும், நடந்து போகுமா?

சுருங்கி சார் எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ரிமோட்டை எடுத்து அதிகாரி முன்னால் வைத்தார்.

“நான்தான் ஏ.சி.யை நிறுத்திட்டு இதை எடுத்து வெச்சேன் சார். மன்னிக்கணும். இந்தத் தட்டு ஏ.சி. ரூமுல நிக்கப் போறதில்ல. வெயில்ல நிக்கப் போகுது. நல்ல தட்டு என்னால செய்ய முடியும், செஞ்சிருக்கேன், நீங்களே பாத்தீங்க. இது அது இல்ல.”

அதிகாரி புள்ளியைப் பார்த்தார். ரிமோட்டைப் பார்த்தார். நான் அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமே இல்லை. புரிந்த பிறகு அவர் பேனாவை மூடினார்.

“ரூல்படி அறை வெப்பத்தை இருபத்தஞ்சு டிகிரியில வெச்சுத்தான் டெஸ்ட் பண்ணணும்,” என்றார். “இப்ப பாத்ததை நான் எழுத முடியாது. ஏ.சி. போட்டு ரூம் குளிர்ந்ததும் கூப்பிடுங்க.” முந்திரியை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போய்விட்டார்.

ரூம் குளிர்ந்தது. புள்ளி நடுவுக்குத் திரும்பி வந்தது. எல்லாத் தட்டும் தேறியது. அன்று மாலையே சுருங்கி சாரின் வேலை போனது. கிரைண்டரை மட்டும் எடுத்துப்போக அனுமதித்தார்கள், அதுவும் வாட்ச்மேன் சோதனை போட்ட பிறகு. ஏழுமலையும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம்.

அடுத்த கோடைக்குள் தட்டுகள் லாரியில் திரும்பி வந்தன. எங்கேயோ அளந்ததும் கட்டியதும் சேரவில்லையாம். நல்ல வேளை, கட்டும்போதே கண்டுபிடித்துவிட்டார்கள். முதலாளி கொஞ்சமும் கலங்காமல் பதில் அனுப்பினார். ‘எங்கள் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த ஒரு நபர் ஏதோ ஒரு பொடியைக் கலந்து பரிசோதனை செய்ததால் வந்த தவறு. அந்த நபரை ஏற்கெனவே நீக்கிவிட்டோம்.’ என்ன சாமர்த்தியம் பாருங்கள். பொடி கலக்காததால் வந்த தவறு, பொடி கலந்ததால் வந்ததாகிவிட்டது. எஸ்டேட்டில் செய்தி காற்றைவிட வேகமாகப் போகும். பாடி வரை, ஆவடி வரை போனது. அதற்குப் பிறகு சார் எந்தக் கம்பெனியில் விண்ணப்பித்தாலும், “ஓ, அந்தப் பொடி ஆளா?” என்று கேட்டார்கள். நான் தெரிந்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். நம்பினார்கள் என்றுகூடச் சொல்லலாம். வேலை மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

ஆர்டர் போனது, வங்கிக்காரர்கள் வந்தார்கள், ஷெட்டைப் பூட்டினார்கள். நான் வேறு இடம் தேடிக்கொண்டேன். ஏழுமலை வயதுக்காரர்களுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? முதலாளி இன்றைக்கு வேறு பெயரில், இரண்டு தெரு தள்ளி, நன்றாகத்தான் இருக்கிறார். ரிசப்ஷனில் அதே ஃபிரேம் மாட்டியிருப்பதாகக் கேள்வி. அதற்கு மட்டும் எந்த வெயிலும் ஒன்றும் செய்யாது போல.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை திருவேற்காடு கோயிலுக்குப் போய்விட்டு, பூந்தமல்லி போக ஷேர் ஆட்டோவில் ஏறினேன். “யக்கோவ்!” என்று ஓட்டுநர் திரும்பினான். ஏழுமலை. தலை முழுக்க நரைத்திருந்தது. சந்தோஷமாக விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்த நிறுத்தத்தில் தேவையில்லாமல் வண்டியை நிறுத்திக் காத்திருந்தான். உள்ளே இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு சந்திலிருந்து, தோளில் பையோடு, அவசரமே இல்லாமல் சுருங்கி சார் வந்தார். பூந்தமல்லியில் ஒரு டுடோரியலில் பிளஸ் டூ பையன்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறாராம்.

“பர்ச்சேஸ்!” என்றார், நேற்றுத்தான் பார்த்தவர் மாதிரி.

அவர் ஏறியதும் ஏழுமலை திட்ட ஆரம்பித்தான். கண்ணாடியில் அவரைப் பார்த்தபடியே திட்டினான். “கேளுக்கா. இந்தாளு அன்னிக்கு ஒரு கையெழுத்து போட்டுட்டு உள்ளயே இருந்திருந்தா, தட்டு திரும்பி வந்தப்ப நல்ல தட்டா செஞ்சு குட்த்திருப்பாரு, நம்ம கம்பெனி பூட்டிருக்குமா? நான் பி.எஃப்., இ.எஸ்.ஐ.ன்னு சொகுசா கீந்திருப்பேன். எம் பொண்ணு காலேஜ் போயிருக்கும். பெரிய அரிச்சந்திரன் ஊட்டுப் புள்ள! ஒரு கையெழுத்துக்கா! அதப் போட இன்னா கை சுளுக்கிக்குமா?”

“தெனமும் இப்படித்தானா?” என்று சாரிடம் மெதுவாகக் கேட்டேன்.

“தெனமும்தான். போகும்போது இதைச் சொல்வான், வரும்போது முதலாளியைச் சொல்வான்.”

“நீங்க என்ன சொல்வீங்க?”

“அவன் சொல்றதும் தப்பில்லையேம்மா. அவன் பொண்ணு நிஜமாவே படிப்பை நிறுத்திடுச்சு.”

கடைசியில் கேட்டே விட்டேன். “போட்டிருக்கலாமோன்னு உங்களுக்கு எப்பவாவது தோணுமா சார்?”

“தோணும். வீட்டுல ஏதாவது வாங்கணும்னா தோணும். பசங்க மார்க்கு வாங்காத அன்னிக்குத் தோணும்.” பையை மடியில் திருப்பி வைத்துக்கொண்டார். “ஆனா முள்ளு நின்னுது இல்ல? நீ பாத்த இல்ல?”

“நின்னுது சார். நான் பாத்தேன்.”

“நானுந்தான் பாத்தேன்!” என்றான் முன்னாலிருந்து ஏழுமலை, கோபமாகவே.

ரோட்டின் எதிர்ப்பக்கம் டுடோரியல் வந்தது. சார் காசை நீட்டினார். “உன் காசு யாருக்கு வோணும்? எறங்கு மொதல்ல, டைம் ஆவுது,” என்று ஏழுமலை எரிந்து விழுந்தான். சார் இறங்கி ரோட்டோரம் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். லாரி, பஸ், தண்ணி வண்டி. அவர் வழக்கம்போல எதையோ யோசித்துக்கொண்டே காலை எடுத்து வைத்தார். பின்னால் பஸ்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கத்தினார். ஏழுமலை வண்டியை ரோட்டுக்குக் குறுக்கே திருப்பி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, வருகிற வண்டிகளையெல்லாம் மறித்துக்கொண்டிருந்தான். அவர் அந்தப் பக்கம் போய்ப் படியேறும் வரை அவன் வண்டியை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நானும் சொல்லவில்லை.